ஓடப் பிறந்த நாய்க்கு எந்த கிளாஸ்?

சங்கரன்கோவிலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்னால் கிரில் கேட், பக்கத்தில் விசைத்தறி ஓடும் ஷெட், பின்னால் ஒரு முருங்கை மரம். கிரில் கம்பியில் மூன்றடிச் சங்கிலி. சங்கிலியின் அந்த முனையில் பதினோரு மாதக் கன்னி நாய். பெயர் மணி. (இந்தப் பக்கம் பாதி நாய்க்கு மணி என்றுதான் பெயர். மீதிப் பாதிக்கு டைகர். அதை விடுங்கள்.)

மணி இதுவரை சாதித்தவை: ஏழு ஜோடி செருப்பு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கை, காயப்போட்டிருந்த புதுச் சேலை ஒன்று, தண்ணீர் டேங்குக்குப் போகும் பைப். பால்காரர் வந்தால் குதிக்கும். வராவிட்டாலும் குதிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஊளை. அம்மா "சவத்து மூதி" என்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி, "எங்கயாச்சும் கொண்டு போயி விட்டுட்டு வந்துருங்களேன்" என்கிறார். அப்பா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்: "டிரெய்னிங் கிளாசுல சேத்துருவோம்."

எந்த கிளாஸ்? எவ்வளவு ஃபீஸ்? எத்தனை நாள்? கேள்விகள் எப்போதும் இந்த வரிசையில்தான் வருகின்றன. வரிசையிலேயே கோளாறு இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது, இந்த நாயை எதற்காக உண்டாக்கினார்கள் என்று. அடுத்தது, அந்த வேலைக்குப் பதிலாக நம்மால் எதைக் கொடுக்க முடியும் என்று. கிளாஸ் மூன்றாவதுதான். முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதற்குப் போகிறவர் பணத்தையும் இழக்கிறார், பெரும்பாலும் நாயையும் இழக்கிறார்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. உலகத்தில் எங்கெங்கோ உள்ளவர்கள் ஹஸ்கி, டால்மேஷன் என்று புத்தகம் பார்த்து நாய் வாங்குகிறார்கள். இந்த ஊரைச் சுற்றி உள்ளவர்களுக்கு நாய் என்பது ஊர்ப் பெயர். வடக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ராஜபாளையம். கிழக்கே கரிசல்காட்டில் சிப்பிப்பாறை என்ற கிராமம், அதன் பெயரிலேயே ஒரு நாய். கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கமெல்லாம் கன்னி. கர்நாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபணு வள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, ராம்பூர், முதோல், இமயமலை மேய்ப்பு நாய் ஆகியவற்றோடு ராஜபாளையமும் அதில் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, வீட்டில் இந்திய நாய்களை வளருங்கள் என்றார். அதற்குப் பிறகு குட்டிகளுக்குக் கிராக்கி கூடியது.

கிராக்கி கூடினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? பாதி சந்தோஷம். மீதிப் பாதியில்தான் மணி கட்டிக் கிடக்கிறது.

கன்னியும் சிப்பிப்பாறையும் வேட்டை நாய்கள். அதிலும் மோப்பம் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகிற வகை இல்லை, கண்ணால் பார்த்து விரட்டுகிற வகை. மரமில்லாத கரிசல் வெளியில் முயல் எழுந்து ஓடினால், அது புதருக்குள் மறைவதற்குள் பிடித்தாக வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்த உடம்பு. ஒட்டிய வயிறு, ஆழமான மார்புக்கூடு, வில் மாதிரி வளையும் முதுகு, நீளக் கால், பக்கவாட்டில் தள்ளி இருக்கும் கண். எத்தனையோ தலைமுறையாக விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும் ஓடுகிற நாயை வைத்துக்கொண்டு ஓடாத நாயைக் கழித்துக்கட்டியதன் விளைவு. "இது ஏன் சும்மா இருக்க மாட்டேங்குது?" என்று அப்பா கேட்பது, "இந்தத் தறி ஏன் சத்தம் போடுது?" என்று கேட்பது போல. ஓடாத நாயாக வேண்டுமென்றால் வேறு நாய் வாங்கியிருக்க வேண்டும்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டை குற்றமாயிற்று. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொன்றால்தான் வேட்டை என்று அர்த்தம் இல்லை. பிடிப்பது, நாயை விட்டு விரட்டுவது, கண்ணி வைப்பது, அதற்கெல்லாம் முயற்சி செய்வது, அத்தனையும் வேட்டைதான். சட்டம் சரி. அதில் சண்டை போட ஒன்றுமில்லை. "எங்க தாத்தா காலத்துல இருந்து முயலுக்குப் போறோம்" என்று இன்னும் சிலர் மார்தட்டுகிறார்கள். தாத்தா காலத்தில் முயலும் இருந்தது, காடும் இருந்தது. ஆனால் சட்டம் முயலைக் காப்பாற்றியதே தவிர, முயலுக்காகவே உண்டாக்கப்பட்ட நாய்க்கு மாற்று வேலை எதுவும் கொடுக்கவில்லை. அது சட்டத்தின் வேலையும் இல்லை. வளர்ப்பவரின் வேலை. வளர்ப்பவர் என்ன செய்தார்? சங்கிலி வாங்கினார்.

சங்கிலி பற்றியும் ஒரு சட்டம் இருக்கிறது, அநேகம் பேருக்குத் தெரியாது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11. வழக்கமாகச் சங்கிலியில் கட்டிவைக்கப்படும் நாய்க்கோ அடைத்துவைக்கப்படும் நாய்க்கோ அதன் சொந்தக்காரர் தகுந்த உடற்பயிற்சி கொடுக்காமல் விட்டால் அது குற்றம். அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டுவதும் குற்றம். இதற்காக யாராவது சங்கரன்கோவிலில் கோர்ட் படி ஏறியிருப்பார்களா? முதல் தடவை குற்றத்துக்குச் சட்டத்தில் போட்டிருக்கும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. இரண்டு டீ, இரண்டு வடை. இருந்தாலும், அறுபது வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியவர்களுக்குக்கூட, ஓடாத நாய் கஷ்டப்படுகிறது என்பது தெரிந்திருக்கிறது. அதைக் கவனியுங்கள்.

சரி, கிளாசுக்கு வருவோம்.

நம்ம பக்கத்தில் நாய்ப் பயிற்சி என்றால் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பயிற்சியாளர் வாரத்தில் சில நாள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பது. இன்னொன்று, ஹாஸ்டல். நாயை ஒரு மாசமோ இரண்டு மாசமோ மதுரைப் பக்கமோ கோயம்புத்தூர்ப் பக்கமோ கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது. இரண்டாவதுதான் ரொம்பப் பேருக்குப் பிடிக்கிறது. காரணம் சொல்லவேண்டியதில்லை, நாம் எதுவும் செய்ய வேண்டாம். பணத்தைக் கட்டினால் "டிரெய்ன்டு" நாய் வந்து இறங்கும், வாஷிங் மெஷின் டெலிவரி மாதிரி.

இறங்கத்தான் செய்யும். பயிற்சியாளர் "சிட்" என்றால் உட்காரும், "ஸ்டே" என்றால் நிற்கும். வீடியோவும் அனுப்புவார்கள். ஆனால் நாய் படித்தது அந்த மைதானத்தில், அந்த ஆளிடம், அந்தக் குரலில். நாய்க்குப் பொதுமைப்படுத்தும் புத்தி குறைவு. ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்தில் தானாகச் செய்யாது. அங்கே உட்கார்ந்த நாய், சங்கரன்கோவில் தெருவில் ஆட்டோ, ஆடு, ஐஸ் வண்டி நடுவில் "சிட்" என்றால் முகத்தைப் பார்க்கும். வீட்டிலோ மூன்று பாஷை நடக்கிறது. மகன் "சிட்" என்கிறான். தாத்தா "உக்காரு" என்கிறார். அம்மா "படு சனியனே" என்கிறார். மூன்றும் ஒரே விஷயம் என்று மணிக்கு யார் சொன்னது? போதாக்குறைக்கு வந்த மறுநாளே பழைய மூன்றடிச் சங்கிலி.

ஆகவே கிளாஸ் தேர்ந்தெடுக்க முதல் விதி: வீட்டுக்காரரைப் படிக்கவைக்கிற கிளாஸ் எதுவோ அதுதான் கிளாஸ். நாயின் கயிறு அப்பா கையில் இருக்க வேண்டும், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் இங்கிலீஷாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த நாயும் கேட்கவில்லை. ஆச்சியின் வாயில் வருகிற சொல்லாக இருப்பது நல்லது. பகலில் நாயோடு வீட்டில் இருக்கப்போவது அவர்தான்.

இரண்டாவது, பயிற்சியாளர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். துண்டு ஈரல் இருக்கிறதா, முள் பட்டை இருக்கிறதா? "நாய்க்கு நாமதான் பாஸ்னு காட்டணும், இல்லேன்னா தலைமேல ஏறிரும்" என்று ஆரம்பித்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். இந்த பாஸ் தத்துவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற சுவிஸ் ஆய்வாளர், அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டை போடாமல் என்ன செய்யும்? டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் தன் பழைய புத்தகத்தில் அந்தக் கருத்தை எழுதியவர்தான். பின்னால் காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கில் கூடவே இருந்து கவனித்துவிட்டு, 1999-ல் அவரே அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். ஆராய்ச்சிக்காரர் வாபஸ் வாங்கியதை டிரெய்னர்கள் இன்னும் வாபஸ் வாங்கவில்லை :)

அடித்துப் பழக்கினால் கேட்காதா என்றால், கேட்கும். என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி. போர்ச்சுகல் நாட்டு போர்ட்டோ நகரில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2020-ல் வெளிவந்தது. பட்டையை வெட்டி இழுப்பது, மிரட்டுவது, ஷாக் கொடுப்பது போன்ற முறைகளைப் பயன்படுத்திய பள்ளிகளின் நாய்களுக்கு வகுப்பு நேரத்தில் பதற்றம் கூடுதலாக இருந்தது. எச்சிலில் கார்ட்டிசால் கூடியது. அதோடு நிற்கவில்லை. கிண்ணத்தில் சாப்பாடு இருக்குமா இருக்காதா என்று ஊகிக்கும் ஒரு சோதனையில், அதிகம் மிரட்டப்பட்ட பள்ளிகளின் நாய்கள் "இருக்காது" என்கிற மாதிரி மெதுவாக நடந்தன. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அவநம்பிக்கை கூட வருகிறது என்று அர்த்தம். வேல்ஸ் நாட்டில் ஷாக் பட்டைக்கு 2010-லேயே தடை. இங்கே ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது.

வேட்டை நாய்கள் விஷயத்தில் அடி இன்னும் மோசமாக வேலை செய்யும். கன்னியும் சிப்பிப்பாறையும் கூச்சமுள்ள இனங்கள், ஒரு ஆளிடம் ஒட்டிக்கொண்டு மற்றவர்களிடம் விலகி நிற்பவை. அடிபட்டால் லாப்ரடார் மாதிரி மறுநிமிஷம் வாலாட்டிக்கொண்டு வராது. மனசில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் வருவதையே நிறுத்திவிடும். கூப்பிட்டால் வராத வேட்டை நாயைத் திறந்த வெளியில் விட முடியாது. திறந்த வெளியில் விட முடியாத வேட்டை நாய்க்கு மறுபடியும் சங்கிலி. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு. அந்தப் பால் வெள்ளை நிறத்துக்காகவே பார்த்துப் பார்த்து இனம் சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் நிறையப் பிறக்கின்றன. "எத்தனை தடவ கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கி, திமிரு புடிச்ச நாயி" என்று அடி வாங்கும் ராஜபாளையத்தில் எத்தனை நாய்க்கு உண்மையில் காது கேட்காதோ. கிளாசில் சேர்ப்பதற்கு முன்னால், அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அவ்வளவு தூரமில்லை. காது கேட்காத நாய் கைச்சாடையில் அருமையாகப் படிக்கும். அதைச் சொல்லித்தரத் தெரிந்த பயிற்சியாளரா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயசு பற்றியும் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: "ஆறு மாசம் ஆகட்டும், அப்புறம் பழக்கலாம்." போலீஸ், ராணுவ நாய்களுக்குச் சொல்லப்பட்டது வீட்டு நாய்க்கும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் குட்டியின் மனசு மிகத் திறந்திருப்பது முதல் மூன்று மாதம். அந்தச் சமயத்தில் பார்க்காத மனிதர்கள், கேட்காத சத்தங்கள், மிதிக்காத தரை எல்லாமே பின்னால் பயமாகிவிடும். அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் 2008-ல் வெளியிட்ட அறிக்கை, ஏழெட்டு வாரத்திலேயே குட்டியைப் பழக ஆரம்பிக்கலாம், முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரமாகியிருந்தால் போதும் என்கிறது. நம்ம ஊரில் பார்வோ பயம் உண்டு, நியாயமான பயம். தெருநாய் படுத்த மண்ணில் இறக்கிவிட வேண்டாம். தூக்கிக்கொண்டு போகலாமே. தறிச்சத்தம், பஸ் ஸ்டாண்டு, பூ மார்க்கெட், கோயில் மேளம், குடை, தலைப்பாகை, எல்லாம் தோளில் உட்கார்ந்தே பார்க்கட்டும். ஆடித்தபசு வரும்போது ஊர் முழுக்கக் கூட்டம், வெடி, ஸ்பீக்கர். குட்டியில் பழகாத நாய் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் கட்டிலடியில் நடுங்கும். இதற்கு ஃபீசும் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. ஆனால் இதுதான் நல்ல கிளாஸ்.

இப்போது மிச்சமிருக்கும் பெரிய கேள்வி: ஓட்டம்.

பலர் செய்வது ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். பைக்கில் உட்கார்ந்துகொண்டு கையில் கயிறு, பக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு ஓடும் நாய். வசதியான ஏற்பாடுதான், வண்டிக்காரருக்கு. வேகத்தை நாய் முடிவு செய்வதில்லை, ஆக்சிலேட்டர் முடிவு செய்கிறது. தார் ரோட்டில் பாதம் தேய்கிறது. கன்னி, சிப்பிப்பாறை உடம்பு வெடித்துப் புறப்பட்டு, சீக்கிரமே ஓடி முடித்து, பிறகு அரைநாள் தூங்குகிற உடம்பு. அதைக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போவது, நூறு மீட்டர் ஓட்டக்காரரை மாரத்தானில் விடுகிற மாதிரி. ஒரு வயசு தாண்டாத நாய் என்றால் எலும்பு முற்றியிருக்காது, மூட்டு கெட்டுவிடும்.

அப்படியானால் கயிற்றை அவிழ்த்துக் காட்டில் விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. கண்ணால் விரட்டும் நாய், கண்ணில் ஒன்று பட்டுவிட்டால் காதை மூடிக்கொள்ளும். எதிரே வெள்ளாட்டுக் கிடை இருக்கும். மயில் இருக்கும், இந்தப் பக்கம் மயிலுக்கா பஞ்சம்? மயில் தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. நாய் ஒன்றைக் கடித்துப்போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நாய் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள். முழு வேகத்தில் வருகிற நாய்க்குக் கிணற்று விளிம்பில் பிரேக் கிடையாது. கோடையில் கரிசல் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கால் உள்ளே போனால் ஒடிந்துதான் வெளியே வரும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. கலிபோர்னியாவில் முயல் விரட்டிக்கொண்டிருந்த வேட்டை நாய்க்காரர்கள், நாய்கள் முள்கம்பி வேலியில் மாட்டிக் கிழிபடுவதைப் பார்த்துவிட்டு, 1970களின் தொடக்கத்தில் ஒரு யோசனை செய்தார்கள். மைதானத்தில் கப்பிகளை வளைவு வளைவாக நட்டு, மோட்டார் வைத்துக் கயிற்றை இழுத்து, கயிற்றின் நுனியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பையைக் கட்டினார்கள். பை முயல் மாதிரி வளைந்து வளைந்து ஓடும், நாய் துரத்தும். அவ்வளவுதான், ஒரு விளையாட்டே பிறந்துவிட்டது. நாய்க்கு வேண்டியது முயல் கறி இல்லை, ஓடுகிற ஒன்று. இங்கிலாந்தில் 2004-ம் ஆண்டுச் சட்டம் நாயை விட்டு முயல் விரட்டும் போட்டிகளை நிறுத்தியபோதும், நாய்களுக்கு ஓட வேறு வழி இருந்தது.

சங்கரன்கோவிலில் மோட்டாரும் கப்பியும் வேண்டாம். ஆறடி மூங்கில் கம்பு, நுனியில் பழைய சைக்கிள் டியூப், அதில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு கிழிந்த பனியன். கம்பைச் சுழற்றினால் பனியன் தரையோடு பறக்கும். பத்து நிமிஷம், நடுநடுவே நிறுத்தி. "விடு" என்றால் விடவும், "இரு" என்றால் இருந்து, சொன்ன பிறகு பாயவும் இந்த விளையாட்டுக்குள்ளேயே சொல்லிக்கொடுக்கலாம். எந்த பிஸ்கட்டும் கொடுக்காத சந்தோஷத்தை அந்தப் பாய்ச்சல் கொடுக்கும். அதைவிட நல்ல கூலி வேறென்ன? குட்டிக்கு மட்டும் தரையோடு, மெதுவாக, குதிக்கவைக்காமல்.

முழு ஓட்டத்துக்கு வேலி போட்ட இடம் வேண்டும். தெரிந்தவர் எலுமிச்சைத் தோட்டமோ, சுற்றுச்சுவர் உள்ள களமோ, அனுமதி வாங்கி அதிகாலையில் ஒரு மைதானமோ. கிணறு இருக்கிறதா என்று முதலில் சுற்றிப் பார்த்துவிட்டு. வாரத்துக்கு மூன்று நாள் கிடைத்தால்கூட நாயின் முகமே மாறிவிடும். மற்ற நாட்களில் முப்பதடி நீளக் கயிறு கட்டி நடை, பாய்ந்து இழுத்தால் கழுத்தை அறுக்காதபடி மார்புப் பட்டை போட்டு. பங்குனி, சித்திரையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து வினாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்தையும் வைக்கக் கூடாது. சாப்பிட்டவுடன் ஓடவே கூடாது. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

உடம்பு மட்டும் களைத்தால் போதாது என்பதும் உண்டு. கருவாட்டுத் துண்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். முதலில் கண் முன்னாலேயே, பிறகு கதவுக்குப் பின்னால், பிறகு பீரோ மேல். மழைநாளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. (வீடு நாறும் என்று அம்மா சொன்னால் அவிச்ச முட்டை.) "வேட்டை நாய்க்கு மோப்ப வேலை வருமா?" என்று கேட்பவர்களுக்கு: கேரளக் காவல்துறை தன் நாய்ப்படையில் சிப்பிப்பாறையையும் கன்னியையும் எடுத்துப் பழக்கியிருக்கிறது. மீரட்டில் ராணுவம் 2016-ல் முதோல் நாய்களைப் பழக்க ஆரம்பித்தது. 2024-ல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல்பணிப் போட்டியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற முதோல் நாய், வெளிநாட்டு இனங்களை முந்திப் பரிசு வாங்கியது. ஆக, இந்த நாய்களுக்கு மூளை இல்லை என்பது கட்டிப்போட்டவர்கள் கிளப்பிவிட்ட கதை.

வேறு இனம் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியில் ஆரம்பிக்கலாம். லாப்ரடார் சுட்ட பறவையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவர உண்டானது. எறி பந்தும் ஒரு குளமும் போதும், எல்லா வித்தையும் படிக்கும். அதே பந்தைக் கன்னிக்கு எறிந்தால் ஒருதடவை ஓடி எடுக்கும், இரண்டாவது தடவை "நீயே போய் எடு" என்று பார்க்கும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு யாராவது வேலை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு கிளாஸ் உண்மையிலேயே பிடிக்கும். தடை தாண்டும் அஜிலிட்டி விளையாட்டு 1978-ல் லண்டன் க்ரஃப்ட்ஸ் கண்காட்சியில் இடைவேளை நிகழ்ச்சியாகத் தொடங்கியது. நம்ம ஊரில் நாலு டயர், ஒரு பெஞ்சு, ரெண்டு கம்பு இருந்தால் நடத்தலாம். நாய்க் கண்காட்சியை மட்டும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கூண்டில் போய், கோப்பை வாங்கி, கூண்டில் வருவதில் ஓட்டம் எங்கே இருக்கிறது?

"இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?" என்பார் அப்பா. தறி ஓட்டுகிறவருக்கு நேரமில்லை என்பது பொய்யில்லை. ஆனால் கணக்குப் போட்டால் காலையில் முப்பது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம். வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ செல்போனோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கால்வாசி. கிளாஸ் ஃபீசுக்குப் பதில் மூங்கில் கம்பு. ஒரு மாசம் இப்படி ஓடவிட்ட பிறகும் செருப்பு போகிறதா, ஊளை நிற்கவில்லையா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கிளாஸ் விசாரிக்கலாம். அப்போது விசாரிக்கும் கேள்வியே வேறாக இருக்கும். கூப்பிட்டால் வர வேண்டும், ஆட்டைப் பார்த்தால் நிற்க வேண்டும், இந்த இரண்டும் எனக்குச் சொல்லித்தருவீர்களா என்று கேட்பார்.

அதற்கும் மனசில்லை, முடியவே முடியாது என்றால் ஒன்று செய்யலாம். தோட்டமும் வேலியும் உள்ள ஒருவரைத் தேடி, நாயின் நல்லது கெட்டது எல்லாம் ஒளிக்காமல் சொல்லி, தடுப்பூசிச் சீட்டோடு கொடுக்கலாம். இரண்டு வாரம் கழித்து ஒருதடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆச்சி சொன்ன மாதிரி ராத்திரியோடு ராத்திரியாக ராஜபாளையம் ரோட்டில் இறக்கிவிட்டு வருவது வேறு. பசியிலும் தாகத்திலும் கிடக்கும்படி வளர்ப்பு மிருகத்தைக் கைவிடுவதும் அதே பிரிவு 11-ல்தான் இருக்கிறது. அபராதமும் அதே ஐம்பது ரூபாய்தான். வண்டிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வரும் மணி, இத்தனை மாசத்தில் முதல்தடவையாகக் கயிறில்லாமல்.